வெறும் பெயர்கள்: ஸ்தெஃபான் கிஷெலெவ்ஸ்கியின் இசையும் எழுத்தும்

1984இல் போலந்தின் க்ராக்கோவ் நகரிலிருந்து வெளிவந்துகொண்டிருந்த ‘திகொத்னிக் பொஃப்ஷெஹ்னி’ என்ற கத்தோலிக்க வார இதழில் ஒரு பத்தி வெளியானது. தலைப்பு ‘மோயெ திபி’. அதற்குக் கீழே பெயர்கள். ஒரு பெயர், அடுத்து இன்னொரு பெயர், பிறகும் பெயர். பத்தி முடிகிறவரைக்கும் அதே கதைதான். விமர்சனம் இல்லை, வசை இல்லை, ஒரு வினைச்சொல்கூடக் கிடையாது. ஆனால் அந்த நாட்டில் தினசரியைப் புரட்டுகிற, தொலைக்காட்சி பார்க்கிற எவருக்கும் அந்தப் பெயர்களைத் தெரியும். ராணுவச் சட்டக் காலத்திலும் அதற்குப் பிறகும் அரசாங்கத்தின் ஊதுகுழலாக இருந்தவர்களுடைய பெயர்கள் அவை. ‘திப்’ என்ற போலிஷ் சொல்லைக் குதிரைப் பந்தயத்தில் இந்தக் குதிரை ஜெயிக்கும் என்று ஊகித்துச் சொல்வதற்கும் பயன்படுத்துவார்கள், ‘ஆசாமி’ என்று கொஞ்சம் இளக்காரமாகச் சொல்வதற்கும் பயன்படுத்துவார்கள். ‘என் தேர்வுகள்’ என்று வாசித்தாலும் சரி, ‘என் ஆசாமிகள்’ என்று வாசித்தாலும் சரி.

தணிக்கை அதிகாரியின் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கையில் சிவப்புப் பென்சில் இருக்கிறது, ஆனால் எதை வெட்டுவது? தவறான கருத்து என்று வெட்டலாமென்றால் அதில் கருத்தே இல்லை. அவதூறு என்று சொல்ல முடியாது, எல்லாம் அரசாங்கம் மதிக்கும் பெரிய மனிதர்களின் பெயர்கள். இவர்கள் பெயரை அச்சிடுவது குற்றம் என்று எழுதிவைத்தால் அது வேறு மாதிரி ஒப்புதல் வாக்குமூலமாகிவிடும்.

இதை எழுதியவர் ஸ்தெஃபான் கிஷெலெவ்ஸ்கி. அப்போது அவருக்கு வயது 73. வாசகர்களுக்கு அவர் வெறும் ‘கிஷெல்’. போலந்துக்காரர்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் பழச்சாற்றில் உருளைக்கிழங்கு மாவைக் கரைத்துக் கிண்டும் ஒரு கொழகொழ இனிப்பு நினைவுக்கு வரும். இப்படி ஒரு பெயரை வைத்துக்கொண்டு நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரு சர்வாதிகாரத்தோடு மல்லுக்கு நின்றார். அவர் தொழில்முறை இசையமைப்பாளர், இசை விமர்சகர் என்பது இந்தப் பெயர்ப் பட்டியல் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிற விஷயம். நான் அதை விடப்போவதில்லை. அந்தப் பட்டியலின் வேர் அவருடைய இசைக் கொள்கையில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

*

போலந்து என்றால் நமக்கு கீஸ்லோவ்ஸ்கியின் படங்கள், ஷிம்போர்ஸ்கா, மிவோஷ் கவிதைகள். இசையில் கொஞ்சம் ஆர்வம் இருந்தால் பெண்டெரெட்ஸ்கி. கிஷெலெவ்ஸ்கி தமிழ் வாசகருக்கு வந்து சேரவே இல்லை. ஆங்கிலத்திலும் அவர் அதிகம் போகவில்லை. காரணம் எளிமையானது: வாராந்திரப் பத்தி என்பது பயணம் செய்யாத பண்டம். அந்த வாரத்தின் ரொட்டி விலை, அந்த வாரத்தில் அமைச்சர் உளறியது, அந்த வாரம் எல்லோரும் பேசாமல் விட்டது, இதெல்லாம் தெரிந்தவனுக்குத்தான் சிரிப்பு வரும்.

1911இல் வார்சாவில் பிறந்தவர். அப்பா எழுத்தாளர், சோஷலிஸ்ட். அம்மா யூதக் குடும்பத்தைச் சேர்ந்தவர். வார்சா இசைக் கல்லூரியில் கஸிமியெஷ் சிகோர்ஸ்கியிடம் இசையமைப்பு படித்தார், பியானோவும் படித்தார். போருக்குச் சற்று முன் பாரிஸ். 1944 வார்சா எழுச்சியில் நகரம் எரிந்தபோது அதுவரை எழுதியிருந்த இசைப் பிரதிகளில் பெரும்பகுதி சாம்பலாகிவிட்டது. 33 வயதில் ஒரு இசையமைப்பாளருக்குக் கையில் ஒன்றுமில்லை என்பது எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கிறேன். அந்தத் தலைமுறைப் போலந்துக்காரர்கள் பலருக்கும் இதே கதைதான். பனூஃப்னிக்கின் ஆரம்பகாலப் படைப்புகளும் இப்படித்தான் அழிந்தன. அவர் சிலவற்றை நினைவிலிருந்து மறுபடி எழுதினார்.

போர் முடிந்ததும் கிஷெலெவ்ஸ்கி க்ராக்கோவுக்குப் போனார். இசைக் கல்லூரியில் ஆசிரியர் வேலை, ‘ரூஹ் முஸிச்னி’ என்ற இசை இதழின் ஆசிரியர் பொறுப்பு, யெஷி துரோவிச் நடத்திய ‘திகொத்னிக்’கில் வாராந்திரப் பத்தி. மூன்றும் 1945இல் தொடங்குகின்றன. கத்தோலிக்க இதழில் எழுதினாலும் ஆள் ஒன்றும் பக்தர் இல்லை. 1947இல் அவர் வெளியிட்ட நாவலைப் படித்துக் கத்தோலிக்க வாசகர்கள் ஆபாசம் என்று கொதித்தார்கள். யாரோடும் ஒத்துப்போகாத ஆளு. பொருளாதாரத்தில் சுதந்திரச் சந்தையை நம்பியவர், அதுவும் எங்கே, எந்தக் காலத்தில்! அவருடைய பத்திகளுக்கு வெவ்வேறு காலங்களில் வைத்த தலைப்புகளே ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஒன்று ‘மயிருக்கு எதிர்த்திசையில்’, இன்னொன்று ‘மண்டைக்குள் மண்வெட்டியால்’, மற்றொன்று ‘வனாந்தரத்தில் கூக்குரல்’.

*

சண்டை இசையில்தான் ஆரம்பித்தது. 1948இல் மாஸ்கோவில் ஷ்தனோவ் தலைமையில் ஷோஸ்டகோவிச், புரோகோஃபியேவ் போன்றவர்களை ‘உருவவாதிகள்’ என்று கண்டித்துத் தீர்மானம் போட்டார்கள். மறுவருஷம் ஆகஸ்டில் அதன் போலிஷ் பதிப்பு வாகூவ் என்ற சிற்றூரின் கோட்டையில் அரங்கேறியது. கலாச்சாரத் துறையின் துணை அமைச்சர் சோகோர்ஸ்கி, மார்க்சிய இசையியலாளர் ஸோஃபியா லிஸ்ஸா, எதிரே நாட்டின் இசையமைப்பாளர்கள். படைப்புகளை இசைத்துக் காட்டுவார்கள், பிறகு எது மக்களுக்கானது, எது உருவவாதம் என்று தீர்ப்பு. ஸ்பிக்னியெஃப் துர்ஸ்கி என்பவரின் ‘ஒலிம்பிக் சிம்ஃபனி’ 1948 லண்டன் ஒலிம்பிக்ஸின் கலைப் போட்டியில் தங்கப் பதக்கம் வாங்கியது. (ஆமாம், அப்போது ஒலிம்பிக்ஸில் இசைக்கும் பதக்கம் உண்டு.) ஒரே வருஷத்தில், வாகூவில், அதே சிம்ஃபனி குற்றவாளிக் கூண்டில் நின்றது.

கிஷெலெவ்ஸ்கி அங்கே உருவவாதத்தின் பக்கம் நின்று பேசினார். அவர் ஏற்கெனவே 1948இல் இசை மனிதநேயத்துக்குப் புறம்பானதா என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதியிருந்தார். வாதத்தின் சாரம் இதுதான்: இசைக்கு அதற்கு வெளியே ஒரு பொருள் கிடையாது. ஒலிகளின் ஒழுங்கு, அதன் வடிவம், அதுதான் இசை. சோகம், புரட்சி, தாய்நாடு என்று நாம் கேட்பதெல்லாம் நாம் கொண்டுவந்து வைப்பது. வாக்கியத்துக்குப் பொருள் இருப்பதுபோல் ஒரு ஃபியூக்குக்குப் பொருள் இருக்காது.

இது அவர் கண்டுபிடித்த கொள்கை இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹன்ஸ்லிக் சொன்னது, பிறகு ஸ்ட்ராவின்ஸ்கி சொன்னது. வியன்னாவின் காபிக்கடையில் உட்கார்ந்து இதைச் சொன்னால் அழகியல். 1949இன் போலந்தில் சொல்வது அரசியல், அதுவும் வெளிப்படையான அரசியல். ஏனென்றால் சோஷலிச யதார்த்தவாதத்தின் முழு இயந்திரமும் ஒரே ஆணியில் தொங்குகிறது: ஒவ்வொரு கலைப்படைப்புக்கும் ஒரு ‘உள்ளடக்கம்’ உண்டு, அதைக் கட்சி படித்துச் சொல்லும். உள்ளடக்கம் என்று ஒன்று இல்லவே இல்லை என்றால் துணை அமைச்சருக்கு அந்தக் கூட்டத்தில் என்ன வேலை? கிஷெலெவ்ஸ்கி அரசாங்கத்தின் கருத்தை மறுக்கவில்லை. அது பிடித்துக்கொள்கிற கைப்பிடியையே கழற்றி எடுத்துவிட்டார்.

விளைவு எதிர்பார்த்ததுதான். ‘ரூஹ் முஸிச்னி’ அவர் கையைவிட்டுப் போனது, பிறகு இதழே நின்றது. கல்லூரி வேலையும் போனது. லுடோஸ்லாவ்ஸ்கியின் முதல் சிம்ஃபனி மேடையிலிருந்து காணாமல் போனது, அவர் சிறுவர் பாடல்கள் எழுதிக் காலம் தள்ளினார். 1953இல் ஸ்டாலின் செத்தபோது அஞ்சலி போட மறுத்ததால் ‘திகொத்னிக்’கையும் துரோவிச்சிடமிருந்து பிடுங்கி வேறு ஆட்களிடம் கொடுத்தார்கள். 1956 டிசம்பரில்தான் பழைய குழுவுக்குத் திரும்பக் கிடைத்தது.

அவர் வாதம் சரியா என்று கேட்டால், பாதி சரி என்பேன். நல்ல ஆலாபனையைக் கேட்டுக் கண் கலங்கியவருக்கு ‘அதில் ஒன்றுமில்லை, வெறும் ஒழுங்கு’ என்று சொன்னால் கோபம்தான் வரும். ஆனால் பெண்டெரெட்ஸ்கியின் புகழ்பெற்ற படைப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 52 தந்திக் கருவிகள் அலறும் அதற்கு அவர் முதலில் வைத்த தலைப்பு ‘8 நிமிடம் 37 விநாடி’. பிறகுதான் ‘ஹிரோஷிமாவில் பலியானவர்களுக்கான இரங்கல்’ என்று பெயர் மாறியது. இன்று அதைக் கேட்கிற யாரும் அந்த ஓசைகளில் விமானத்தையும் நெருப்பையும் கேட்காமல் இருக்க முடியாது. ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை, தலைப்புதான் மாறியது. கிஷெலெவ்ஸ்கியின் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? அதேசமயம் இது அவருக்கு எதிரான சாட்சியும்தான்: தலைப்பு ஒட்டிக்கொண்ட பிறகு அதை உரித்தெடுக்க நம்மால் முடியவில்லை. பெயருக்கு அவ்வளவு சக்தி.

*

போலந்தின் தணிக்கை அலுவலகம் வார்சாவில் மிஷா தெருவில் இருந்தது. மிஷா என்றால் எலி. எலித் தெரு. ‘பத்திரிகை, வெளியீடு, காட்சிகளைக் கட்டுப்படுத்தும் தலைமை அலுவலகம்’ என்று நீளமான பெயர். 1946இல் சட்டப்படி நிறுவப்பட்டு 1990 வரை இருந்தது. கல்யாணப் பத்திரிகை, மருந்துக் குறிப்பு, சர்க்கஸ் சுவரொட்டிகூட அவர்கள் கைக்குப் போய்த்தான் வரும் என்று சொல்வார்கள். வாரப் பத்திரிகை என்றால் அச்சுப்படியை அனுப்ப வேண்டும். அது திரும்பி வரும்போது சில வரிகள் போயிருக்கும், சில நேரம் முழுக் கட்டுரையும் போயிருக்கும். போன இடத்தை வெள்ளையாக விடக் கூடாது. தையல் தெரியாமல் மூட வேண்டும். வாசகனுக்கு வெட்டு நடந்ததே தெரியக் கூடாது என்பதுதான் முதல் விதி. அப்புறம் ஆசிரியர் குழுவில் ஒருத்தர் போய் மீன் சந்தையில் பேரம் பேசுகிற மாதிரி உட்கார்ந்து பேசுவார்: இந்தப் பெயரடையை எடுத்துக்கோங்க, அந்த வாக்கியத்தை விடுங்க.

கிஷெலெவ்ஸ்கியின் பத்தி இந்தப் பேரத்துக்குள் பிறந்த நடை. அவர் கோமாளி வேஷம் போடுவார். ரயில் தாமதத்தில் ஆரம்பித்து, நடுவில் மோட்ஸார்ட்டுக்குப் போய், பக்கத்து வீட்டுக்காரரின் சமையலைக் குறை சொல்லி, திடீரென்று ஒரு வரியில் திட்டமிட்ட பொருளாதாரத்தின் மேல் காலை வைத்துவிட்டு மறுபடி மோட்ஸார்ட்டுக்கு ஓடிவிடுவார். ‘நான் ஒரு பிற்போக்குவாதி, என் பேச்சைக் கேட்காதீர்கள்’ என்று சொல்லிக்கொண்டே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவார். இது இசையமைப்பாளனின் காது என்று தோன்றுகிறது. கருவை முதலில் வேறொரு வாத்தியத்தில், வேறு சுருதியில், அது கருதான் என்று தெரியாமல் ஒலிக்கவிட்டு, எல்லோரும் அசந்திருக்கும்போது முழுதாகக் கொண்டுவருவது.

இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. இப்படி எழுதினால், ‘பாருங்கள், தணிக்கை இருந்ததால்தான் நடை கூர்மையானது’ என்ற பழைய பல்லவி வந்துவிடும். கிழக்கு ஐரோப்பிய இலக்கியம் பற்றிப் பேசுகிற பலரும் இதை ஒரு சுகத்தோடு சொல்கிறார்கள். எனக்கு அது எரிச்சலாக இருக்கிறது. நொண்டிக்கொண்டே அழகாக ஆடினான் என்பதற்காகக் காலை உடைத்தவனுக்கு நன்றி சொல்வீர்களா? கிஷெலெவ்ஸ்கி வேண்டுமென்றே நேராக எழுதிய ஒரு உதாரணம் இருக்கிறது. 1964இல் பிரதமர் சிரான்கியெவிச்சுக்கு 34 எழுத்தாளர்களும் அறிஞர்களும் ஒரு கடிதம் எழுதினார்கள். மொத்தமே இரண்டு வாக்கியம். காகித ஒதுக்கீட்டைக் குறைப்பதும் தணிக்கையை இறுக்குவதும் நாட்டின் பண்பாட்டுக்கு ஆபத்து, கொள்கையை மாற்றுங்கள் என்பதுதான் செய்தி. அதில் அவருடைய கையெழுத்தும் இருந்தது. அப்போது அவர் நாடாளுமன்ற உறுப்பினர்! 1957 முதல் 1965 வரை ‘ஸ்நாக்’ என்ற சிறிய கத்தோலிக்கக் குழுவின் சார்பில் அங்கே உட்கார்ந்திருந்தார். அந்தக் கடிதத்தில் உருவகமும் இல்லை, கோமாளித்தனமும் இல்லை. சுதந்திரம் இருந்திருந்தால் அவர் எப்படி எழுதியிருப்பார் என்பதற்கு அது ஒரு சின்ன மாதிரி. அலுப்பூட்டும் நடைதான். ஆனால் ஒரு மனிதன் தன் பிரதமரிடம் அலுப்பூட்டும்படி நேராகப் பேச முடிகிற நாடுதானே வேண்டும்.

*

1968 ஜனவரியில் வார்சாவின் தேசிய நாடக அரங்கில் டெய்மெக் இயக்கிய, மிட்ஸ்கியேவிச்சின் ‘மூதாதையர்’ நாடகம் நிறுத்தப்பட்டது. ஜார் ரஷ்யாவுக்கு எதிரான வரிகளுக்குப் பார்வையாளர்கள் ரொம்ப உற்சாகமாகக் கை தட்டினார்களாம். எழுதி நூறு வருஷம் தாண்டிய காவியம். இங்கேயும் அதே புதிர்தான்: பிரதியில் ஒன்றும் மாறவில்லை, கை தட்டுகிற இடம் மாறிவிட்டது. பிப்ரவரி 29 அன்று எழுத்தாளர் சங்கத்தின் வார்சா கிளை கூடியது. அங்கே கிஷெலெவ்ஸ்கி எழுந்து, நாட்டின் பண்பாட்டை ஆள்வது ‘மூடர்களின் சர்வாதிகாரம்’ என்றார். போலிஷ் மொழியில் அந்தச் சொல் இன்னும் கடுமை: இருட்டில் கிடக்கும் தற்குறிகள் என்று வைத்துக்கொள்ளலாம்.

வாழ்நாள் முழுக்கச் சுற்றி வளைத்துப் பேசியவர் ஒரே ஒரு முறை சுற்றி வளைக்காமல் சொன்னார். மார்ச் 11 அன்று தெருவில் ‘அடையாளம் தெரியாத நபர்கள்’ அவரை அடித்து நொறுக்கினார்கள். ஒரு வாரம் கழிச்சு கட்சித் தலைவர் கொமுல்கா தொலைக்காட்சியில் ஒளிபரப்பான உரையில் அவரைப் பெயர் சொல்லித் தாக்கினார். பிறகு மூன்று வருஷம் அவர் பெயரில் ஒன்றும் அச்சாகக் கூடாது என்று தடை.

இந்தத் தடையின் தர்க்கத்தைக் கவனிக்க வேண்டும். அரசியல் பத்தி எழுதக் கூடாது என்றால் புரிகிறது. சோபினைப் பற்றியோ, பார்டோக்கின் தந்தி நால்வரிசையைப் பற்றியோ எழுதினாலும் அச்சாகாது. பனூஃப்னிக்குக்கு நடந்தது இதைவிட மோசம். 1954இல் அவர் பிரிட்டனுக்குத் தப்பி ஓடியதும் அவருடைய இசை போலந்தில் மௌனமானது. 1977 வரை, 23 வருஷம், அவர் பெயரே சொல்ல முடியாது. வாகூவில் மூன்று நாளுக்கு மேல் உட்கார்ந்து உள்ளடக்கம், உள்ளடக்கம் என்று வாதாடிய அதே அரசு, நெருக்கடி வந்ததும் உள்ளடக்கத்தைப் பார்க்கவேயில்லை. பெயரைப் பார்த்தது. பனூஃப்னிக்கின் சிம்ஃபனியில் எந்த வளையொலியில் துரோகம் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கிஷெலெவ்ஸ்கி 1949இல் சொன்னதை அவர்களே நிரூபித்துவிட்டார்கள்.

அதனால்தான் 1984இன் அந்தப் பட்டியலை அவருடைய ஆகச் சிறந்த படைப்புகளில் ஒன்றாக வைக்கிறேன். தணிக்கை பெயர்களைப் படிக்கிறது என்றால் பெயர்களையே கொடுத்துவிடுவது. பொருள் என்று எதையும் பிரதிக்குள் வைக்காமல் வரிசை ஒன்றை மட்டும் அமைப்பது. யாருக்குப் பக்கத்தில் யார், எங்கே நிறுத்தம் என்பது மட்டும்தான் அமைப்பு. பொருளைக் கொண்டுவந்து வைப்பது வாசகன் வேலை. உருவவாதி எழுதிய உருவவாதப் பத்தி.

*

தடைக் காலத்தில் நாட்குறிப்பு எழுத ஆரம்பித்தார். 1968 முதல் 1980 வரை போகிறது. 1996இல், அவர் இறந்து ஐந்து வருஷம் கழித்து, பெரிய புத்தகமாக வந்தபோது நண்பர்கள் பலருக்கு அடி விழுந்தது. ‘திகொத்னிக்’ சகாக்கள், சக எழுத்தாளர்கள், இசையமைப்பாளர்கள், யாரையும் விடவில்லை. கசப்பு, பொறாமை, சில இடங்களில் அநியாயமான தீர்ப்பு. தன் இசையை யாரும் மதிக்கவில்லை என்ற புண் திரும்பத் திரும்பக் கசிகிறது. பத்திகளின் கிஷெலை நேசித்தவர்களுக்கு இந்த ஆள் அந்நியமாகப் பட்டார். எனக்கு இந்த நாட்குறிப்பு முக்கியம், ஆனால் அழகுக்காக இல்லை. தணிக்கை ஒருத்தரை என்ன செய்யும் என்பதை வெட்டப்பட்ட வரிகளை எண்ணித் தெரிந்துகொள்ள முடியாது. வெளியே பேச முடியாதவன் வீட்டுக்குள் நண்பர்களைத் திட்டிக்கொண்டிருப்பான். கோபம் போக வேண்டிய முகவரிக்குப் போகாமல் பக்கத்தில் இருப்பவன் மேல் விழும்.

இதே காலத்தில் தொமாஷ் ஸ்தாலிஞ்ஸ்கி என்ற பெயரில் பாரிஸின் புலம்பெயர் பதிப்பகம் வழியாக நாவல்களும் வெளியிட்டார். அவற்றில் வேகம் இருக்கிறது, கலை குறைவு. ஸ்டாலினின் சாயலில் ஒரு புனைபெயர் வைத்துக்கொண்ட குறும்பை நாவல்களைவிட அதிகம் ரசிக்கிறேன்.

1981 ஜூலைச் சட்டம் ஒரு விநோதமான சலுகையைக் கொடுத்தது. வெட்டப்பட்ட இடத்தை இனி காட்டலாம். சதுர அடைப்புக்குள் சில கோடுகள், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் வெட்டினார்கள் என்ற குறிப்பு. எண்பதுகளில் வந்த கிஷெலின் பத்திகளைப் பார்த்தால் நடுநடுவே இந்த அடைப்புகள் நிற்கும். இசைத்தாளில் ‘இங்கே மௌனம், இத்தனை அட்சரம்’ என்று குறித்திருக்குமே, அதேபோல. வாசகர்கள் அந்த மௌனத்தின் நீளத்தை அளந்து உள்ளே என்ன இருந்திருக்கும் என்று ஊகித்தார்கள்.

*

அவர் இசை? இதைச் சொல்லாமல் முடித்தால் அவருக்கே கோபம் வரும். லுடோஸ்லாவ்ஸ்கியின் வரிசையில் வைக்க முடியாது. பழைய வடிவங்களைப் புதிய கூர்மையோடு திரும்ப எடுத்தாளும் நவசெவ்வியல் பாணி. ஸ்ட்ராவின்ஸ்கி, புரோகோஃபியேவ் இருவரின் நிழலும் விழுகிறது. போர்க்காலத்தில் தொடங்கிய சிறு இசைக்குழுவுக்கான கன்சர்ட்டோவைக் கேட்டுப்பாருங்கள். விறுவிறுவென்று, வறண்ட நகைச்சுவையோடு, சிரிப்பதற்கு முன் அடுத்த இடத்துக்குப் போய்விடுகிற இசை. அறுபதுகளில் பெண்டெரெட்ஸ்கி தலைமுறை ஓசைகளைக் கிழித்துத் தைத்துக்கொண்டிருந்தபோது இது பழசாகத் தெரிந்திருக்கும். அவர் அந்தத் தலைமுறையைப் பற்றியும் எழுதினார், அவர்களைக் கேட்டார், சண்டையும் போட்டார். ஆனால் தன் இசையை மாற்றிக்கொள்ள அவசரப்படவில்லை.

1980இல் ஒரு பியானோ கன்சர்ட்டோவைத் தொடங்கினார். நடுவே ராணுவச் சட்டம் வந்தது. 1986இல், பியானோ இரட்டையர்களில் ஒருவராக ஐரோப்பா முழுக்கப் புகழ்பெற்றிருந்த மகன் வாட்ஸ்லாஃப் கார் விபத்தில் இறந்தார். 1990இல் எலித் தெரு அலுவலகத்தை மூடினார்கள். கன்சர்ட்டோ 1991இல்தான் முடிந்தது. அந்த வருஷம் செப்டம்பர் 27 அன்று வார்சாவில் கிஷெலெவ்ஸ்கி காலமானார். அந்தக் கன்சர்ட்டோவுக்கு ‘மகனின் நினைவாக’ என்றோ ‘சுதந்திரத்துக்கு’ என்றோ ஒரு தலைப்பு வைத்திருந்தால் உலகம் முழுக்க இசைத்திருப்பார்கள். அவர் வைத்த தலைப்பு ‘பியானோ கன்சர்ட்டோ’.